சவரியப்பன் விழுங்கிய சொல்

வல்லனேந்தலுக்கு 1948இல் வாத்தியாராக வந்த சவரியப்பனுக்கு, வந்த ஒரே மாதத்தில் ஊரார் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முழுங்கி சார். காரணம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அவர் பேசுவதை ஒரு தடவை பார்த்தால் போதும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது குரல் கணீரென்று வரும். அதே வாசலில் பெரியவர்கள் நாலு பேர் வந்து நின்றால், சொல்ல வந்ததன் பின்பாதியை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுவார். குரல்வளை மேலே ஏறும், கீழே இறங்கும். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

"சார் என்னமோ சொல்ல வந்தாரேப்பா?"

"வந்துச்சு. வாய் வரைக்கும் வந்துட்டு உள்ள போயிருச்சு."

அவர் காதுபடவே சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் என்ன சொல்வார்களோ என்று அதற்கும் பயம்.

குருமடத்திலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பியதும் இந்தப் பயத்தினால்தான். சாமியாருக்குப் படிக்க வேண்டுமென்று பன்னிரண்டு வயதில் சேர்த்தார்கள். ஆங்கிலமும் லத்தீனும் நன்றாகவே ஏறின. நாலாவது வருஷம் மேற்றிராணியார், அதாவது பிஷப், பார்வையிட வந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் சவரியப்பனை எழுப்பி, சுவிசேஷத்தில் ஒரு வரியைக் காட்டி அர்த்தம் சொல்லச் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயைப் பற்றிய வரி. 'இன் ஃப்ளுக்ஸு சாங்குவினிஸ்' என்று லத்தீனில் இருந்தது. உதிரம் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அவருக்குத் தெரியும். ஃப்ளுக்ஸுஸ் என்றால் பாய்ச்சல், சாங்குவிஸ் என்றால் உதிரம். நாக்கின் நுனியில் நின்றது. மேற்றிராணியாரின் மோதிரத்தைப் பார்த்தார், விழுங்கினார். சிரிப்பு எழுந்தது. வருஷக் கடைசியில் ரெக்டர் சாமியார் முதுகைத் தட்டி, "குருவுக்கு முதல்ல குரல் வேணும் தம்பி" என்று சொல்லி ரயில் ஏற்றிவிட்டார்.

ஆகவே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லும் உபதேசியார், ஊருக்கு வரும் ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்பவர் என்று மூன்று வேலையாக வல்லனேந்தலில் உட்கார்ந்தார். அடைக்கலமேரியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார்.

ஊர் பெரிய கண்மாயின் கரைக்குக் கீழே இருந்தது. நூற்றிருபது வீடு. கரையின் தென்கோடியில் கலிங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்ச நீர் வெளியேறுவதற்காக, ஆள் உயரக் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். கற்களுக்கு இடையில் பலகை செருகி, வைக்கோலும் களிமண்ணும் வைத்துப் பூசினால் கண்மாயில் இரண்டு முழம் தண்ணீர் கூட நிற்கும். எடுத்துவிட்டால், நீர் கலிங்கைத் தாண்டி வாரி என்கிற ஓடை வழியாகக் கிழக்கே ஓடும்.

ஓட வேண்டும் என்று பேர்தான். அந்த வாரியில் தண்ணீர் ஓடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வருஷத்துக்கு வருஷம் மழை பொய்த்தது. கண்மாய் பாதி நிறைந்தாலே பெரிய காரியம். சமஸ்தானம் போய்ப் புதுச் சர்க்கார் வந்த சமயத்தில், பள்ளிக்கூடம் கட்ட மிஷன் இடம் கேட்டபோது, ஊர் கூடி யோசித்து அந்த வாரியைத்தான் காட்டியது. மணல் தரை, மட்டமான இடம், பக்கத்திலேயே கிணறு. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பள்ளிக்கூடம் வந்தது, ஓலைக் கோயில் வந்தது, அதைச் சுற்றிப் பதினாலு வீடுகள் வந்தன. அந்தோணியார்புரம் என்று பேரும் வைத்தாயிற்று. கோயிலுக்குப் பின்னாலேயே சவரியப்பனின் வீடு. ஏழு வருஷத்தில் அவருக்கு எதையெதையோ நினைத்துப் பயம் வந்திருக்கிறது. தான் ஓர் ஓடைக்குள் குடியிருக்கிறோம் என்ற பயம் மட்டும் வந்ததில்லை.

1955ஆம் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கண்ணில் தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த வருஷம் கலிங்கை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். வழக்கமாக அடைமழையெல்லாம் போய் மார்கழி பிறந்த பிறகுதான் அடைப்பார்கள். அன்றைக்கு ஊர்த் தலைவரான அம்பலம் வயிரவன் தன் கையாலேயே கடைசி உருண்டைக் களிமண்ணை வைத்துப் பூசினார். கண்மாய்க்குள் முங்கி மடை திறப்பவரான மூக்கன் மட்டும், "இன்னும் கார்த்திகை இருக்குங்களே" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏன், ஒனக்கு முங்குறதுக்குத் தண்ணி கூடிப்போச்சா?" என்றார் அம்பலம். எல்லாரும் சிரித்தார்கள். மூக்கன் வாயை மூடிக்கொண்டார்.

அடைத்த கலிங்கைத் திறப்பதற்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. ஐயனாருக்குக் கிடாய் வெட்ட வேண்டும். கண்மாய்ப் பாசனத்தில் நாலு கரை, அதாவது நாலு பங்காளி வகையறா. நாலு கரைக்காரர்களும் வந்து நிற்க, அம்பலம் முதல் மண்வெட்டி போட வேண்டும். அதுவரை வேறு யாரும் கலிங்கைத் தொடக் கூடாது. கண்மாய்க்குக் கீழே நிலமில்லாதவர்கள் எப்போதுமே தொடக் கூடாது. மூக்கனுக்கு நிலமில்லை. சவரியப்பனுக்கும் இல்லை.

கார்த்திகை பதினைந்தாம் தேதி காலையிலிருந்து காற்று கடலிலிருந்து வீசியது. புளியமரங்கள் தலைவிரித்து ஆடின. மழை சாய்ந்து சாய்ந்து, சரளைக்கல்லை வாரி எறிவது போல அடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை. வந்திருந்தாலும் பாடம் நடந்திருக்காது. மூன்று நாளைக்கு முன்பு அடைக்கலமேரிக்குப் பெண் குழந்தை பிறந்து, அன்றிலிருந்து உதிரம் நின்றபாடில்லை. பிரசவம் பார்த்த கிழவி சேலைத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். "அசையாமக் கெடக்கணும் தாயி. கட்டிலவிட்டு எறங்கப்படாது. அசைஞ்சா எனக்கே பயமா இருக்கு" என்றாள். கிழவிக்கே பயம் என்றால் சவரியப்பனுக்கு எப்படி இருக்கும்? ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

நடுப்பகல் வாக்கில் அம்பலத்தின் ஆள் வந்து கூப்பிட்டான். காகிதம் வந்திருக்கிறதாம்.

வல்லனேந்தலுக்குத் தண்ணீர் வரும் மேலக்கண்மாய்ப் பக்கம் முகாமிட்டிருந்த ஓவர்சியர் ஒருவர், ஒரு சேவகனிடம் சைக்கிளில் சீட்டு அனுப்பியிருந்தார். சேவகன் சீட்டை நீட்டிவிட்டு, "இன்னும் மூணு ஊருக்குப் போகணும்" என்று அந்தக் காற்றிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கரைமேல் ஐயனார் கோயில் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஒருபக்கம் மூக்கன், தலையில் சாக்கு. அவர் மனைவி காத்தாயி புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவந்தவள், தூக்குச்சட்டியோடு பக்கத்தில் நின்றாள். கண்மாயில் அலை அடித்தது. கரையின் தலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றரை முழம்தான் மிச்சம்.

"வாங்க வாத்தியாரே. என்ன எழுதியிருக்கான்னு சொல்லுங்க" என்றார் அம்பலம். "முழுங்காமச் சொல்லுங்க."

அந்தச் சமயத்திலும் யாரோ சிரித்தார்கள்.

சீட்டு நனைந்து, நீல மசி கசிந்திருந்தது. மேல் மூலையில் நேரம் போட்டிருந்தது: பதினொன்றே முக்கால். கீழே மூன்றே வாக்கியம். மேலக்கண்மாய் நீர் மிகக் கடுமையாக வருகிறது. இது முதல். கரை தாங்காது. இது கடைசி. இரண்டும் ஒரு பார்வையில் புரிந்துவிட்டன. நடுவில் இருந்தது: ஒரு மணி நேரத்துக்குள் முழு 'எஃப்ளக்ஸ்' கொடுக்கவும்.

எஃப்ளக்ஸ். அந்தச் சொல்லை அவர் அதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. நல்ல ஆங்கிலம் எழுத வேண்டுமென்று ஆசைப்பட்ட ஓவர்சியர் போலிருக்கிறது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் சொல்லையே பார்த்தார். ஆங்கிலத்தில் பாதிச் சொற்களுக்குத் தாய்வீடு லத்தீன்தான் என்று குருமடத்தில் பாடம் நடத்திய சாமியார் சொல்வார். தெரியாத சொல்லைக் கண்டால் இரண்டாக உடைத்துப் பார் என்பார்.

முன்பாதி 'எஃப்'. குருமடத்தில் தினமும் பூசையில் திராட்சை ரசப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு சாமியார் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது: எஃபுந்தேத்தூர். உங்களுக்காக வெளியே சிந்தப்படும் என்று பொருள். 'எக்ஸ்' என்றால் வெளியே. அடுத்து வரும் எழுத்தை அணைத்துக்கொண்டு 'எஃப்' ஆகிறது. பின்பாதி 'ஃப்ளக்ஸ்'. அதைத் தேட வேண்டியதே இல்லை. மேற்றிராணியாரின் முன்னால் தொண்டைக்குள் போனது, இருபது வருஷம் அங்கேயே கிடந்தது. ஃப்ளுக்ஸுஸ். பாய்ச்சல்.

வெளியே பாய்வது. வெளிப்பாய்ச்சல். முழுப் பாய்ச்சலும் கொடு என்றால், கலிங்கைத் திற என்றுதான் அர்த்தம்.

அர்த்தம் பிடிபட்ட அந்தக் கணத்திலேயே, தண்ணீர் எங்கே பாயும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கலிங்கிலிருந்து வாரி. வாரிக்குள் பள்ளிக்கூடம், கோயில், பதினாலு வீடு. ஒரு வீட்டில் கயிற்றுக்கட்டில். கட்டிலில் அசையக் கூடாத ஒருத்தி, அவளுக்கு உள்ளிருந்தும் வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது.

"என்ன சார்?"

"மேலக்கம்மாத் தண்ணி ரொம்பக் கடுமையா வருதாம்."

"அது தெரியுது. என்ன செய்யச் சொல்றான்?"

குரல்வளை ஏறி இறங்கியது.

"கரையப் பாத்துக்கணுமாம்" என்றார்.

பொய் இல்லை. கரை தாங்காது என்று எழுதித்தான் இருந்தது. நடு வாக்கியத்தை விழுங்கிவிட்டார். முக்கால் மணி, இல்லை அரை மணி போதும்; அவளைத் தூக்கி மேட்டில் போட்டுவிட்டு ஓடிவந்து மிச்சத்தைச் சொல்லிவிடலாம். அப்படித்தான் கணக்குப் போட்டார். சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்பறம் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? மம்பட்டி, கூடை எல்லாம் எடுங்க. பொம்பளைகளையும் கூப்புடுங்க. கரையில மண்ணு போடுங்க" என்று அம்பலம் சத்தம் போட்டார். காத்தாயி தூக்குச்சட்டியைக் கோயில் படியில் வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகினாள். புருஷனைப் பார்த்து, "கஞ்சி ஆறிப்போயிரும், குடிச்சிட்டு மடையப் பாருங்க" என்றாள். சவரியப்பன் இறங்கி ஓடும்போது கடைசியாகக் கேட்ட பேச்சு அது.

அந்தோணியார்புரத்தில் அவர் கத்தினார். அதுவரை யாரும் கேட்டிராத குரல். "கலுங்கு தொறக்கப் போறாங்க! மேட்டுக்குப் போங்க! பானை சட்டியெல்லாம் கெடக்கட்டும், ஆளு போங்க!" ஆடு, கோழி, பிள்ளை என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சனங்கள் தெற்கே செம்பாறை மேட்டுக்கு ஓடினார்கள். நாலு ஆண்கள் கட்டிலோடு அடைக்கலமேரியைத் தூக்கினார்கள். கிழவி குழந்தையை மார்புச் சேலைக்குள் பொதிந்துகொண்டாள். மேட்டில் ஒரு முந்திரிமரத்துக்கடியில் கட்டிலை இறக்கி, மேலே பாயைப் பிடித்தார்கள். அடைக்கலமேரியின் உதடு வெளுத்திருந்தது.

"இங்கேருங்க... கலுங்கு தொறந்துட்டாங்களா?"

"இல்ல."

"எப்பத் தொறக்குறாங்க?"

"நான் இன்னும் சொல்லல" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். மழைத்தண்ணீர் இமையில் விழுந்தும் கண்ணை மூடவில்லை. "போங்க" என்றாள். "ஓடுங்க."

ஓடினார். சேற்றில் இரண்டு தடவை விழுந்தார். கரைக்கு நூறு கஜம் இருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த சுவர் இடிகிற மாதிரி, சொத்தென்று. அதற்குப் பின்னால் பெண்களின் கூக்குரல்.

மடைக்கு வடக்கே பத்து கஜம் நீளத்துக்குக் கரையின் உட்பக்கம் சரிந்து தண்ணீருக்குள் போயிருந்தது. கரை முழுதாக உடையவில்லை. பாதி அகலம் மிஞ்சி நின்றது. அதன் மேல் மண் கொட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்களில் இருவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். காத்தாயியைக் காணோம். மூக்கன் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை எழும்போதும் கை வெறுமையாக வந்தது.

சவரியப்பன் சீட்டை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தார். "கலுங்கத் தொறக்கச் சொல்லியிருக்கு! முழுசாத் தொறக்கச் சொல்லியிருக்கு! ஒரு மணி நேரத்துக்குள்ள தொறக்காட்டிக் கரை நிக்காது!"

அம்பலம் திரும்பினார். "மொதல்ல அப்படிச் சொல்லலையே?"

"வார்த்தை புரியல. இப்பத்தான் புரிஞ்சுச்சு."

அதுதான் பொய். அவர் வாழ்க்கையில் விழுங்காமல், தயங்காமல் சொன்ன முதல் பொய்.

யோசிக்க நேரமில்லை. நாலு கரைக்காரர்களில் மூன்று பேர்தான் அங்கே இருந்தார்கள், கிடாயும் இல்லை. வயிரவன் அம்பலம் தலைத்துண்டை அவிழ்த்து மண்வெட்டிக் காம்பில் முடிச்சுப் போட்டு, ஐயனார் பக்கம் பார்த்து, "கெடா பின்னால வருது, பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு முதல் வெட்டை வெட்டினார். பிறகு ஆளுக்கொரு கல்லாக நின்று களிமண்ணைப் பெயர்த்தார்கள். முதல் பலகை துள்ளிக்கொண்டு போனது. அப்புறம் பலகைகளை யாரும் எடுக்கவில்லை, தண்ணீரே எடுத்துக்கொண்டது. கலிங்கு முழுவதும் பழுப்பு நிறத்தில் வளைந்து விழுந்தது. சவரியப்பன் நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துச் சுவர் முதலில் உட்கார்ந்தது. கோயில் கூரை ஒரு படகைப் போல மிதந்து கொஞ்ச தூரம் போய்ப் பிரிந்தது. தன் வீடு எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை.

இருட்டுவதற்குள் கண்மாய் இரண்டு முழம் இறங்கியது. கரை நின்றது, ஊர் பிழைத்தது. மேட்டில் அடைக்கலமேரிக்கு உதிரம் நின்றது. ஏன் நின்றது என்று கிழவிக்கும் தெரியவில்லை. காத்தாயி மூன்றாம் நாள் கண்மாய் ஓரத்துக் கோரைக்குள் கிடைத்தாள்.

அதற்குப் பிறகு அவரை யாரும் முழுங்கி சார் என்று கூப்பிடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போயிற்று. தன் வீடு போகும் என்று தெரிந்தும் கலிங்கைத் திறக்கச் சொன்ன மனுஷர் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அம்பலம் முன்னின்று, வாரிக்கு வெளியே மேட்டில் புதுப் பள்ளிக்கூடம் கட்ட இடம் கொடுத்தார். தைப்பொங்கலுக்கு மாலை போட வந்தபோது சவரியப்பன் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார்.

வருஷந்தோறும் கார்த்திகையில் ஐயனாருக்குக் கிடாய் வெட்டியதும், மூக்கன் ஒரு பங்குக் கறியைப் பூவரச இலையில் கட்டிக்கொண்டு வருவார். "சார் மட்டும் அன்னைக்கி வந்து சொல்லாட்டி ஊரே இல்ல" என்று வாசலில் வைத்துவிட்டுப் போவார். அடைக்கலமேரி சமைப்பாள். சவரியப்பனுக்கு இறங்காது. வெள்ளிக்கிழமை அல்லாத நாளிலும் கறி தொடாத சுத்தபோசனம் என்று தட்டைத் தள்ளுவார். கருக்கலில் மூக்கன் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே பயம் வந்துவிடும். இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ? கரை சரியும் முன்னாலேயே, கலிங்கு திறக்கப்போவதாக அந்தோணியார்புரத்தில் தான் கத்தியதை யாராவது சொல்லிவிட்டிருப்பார்களோ? அந்தச் சேவகன் என்றைக்காவது இந்தப் பக்கம் வருவானோ? சைக்கிள் மணி கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். சீட்டைக் கிழித்துப் போடத்தான் நினைத்தார். அதற்கும் பயந்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

"சொல்லிருங்க" என்பாள் அடைக்கலமேரி. அவளும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. குழந்தை பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால், இன்னொரு தடவை அந்தச் சீட்டு வந்தாலும் இதையேதான் செய்வோமோ என்று தோன்றும். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

1962இல் கலிங்கைச் சிமெண்டு போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஒரு சாயங்காலம் மூக்கன் வந்தார். கையில் கறி இல்லை.

"சார், ஒரு ஒத்தாசை. கலுங்கு மூலையில ஒரு கல்லு பதிக்கிறாங்க. காத்தாயி பேரப் போட்டுக்குறேன்னு கேட்டேன். அம்பலம் சரின்னுட்டாரு. கொத்தன் வெட்டித் தர்றேங்கிறான். ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அவ எப்படிச் செத்தான்னு படிக்கிறவனுக்குத் தெரியணும்."

சவரியப்பன் பேனாவை எடுத்தார். காத்தாயி என்று எழுதினார். 1955 என்று எழுதினார். அடுத்த சொல்லுக்குக் கை நகரவில்லை. கண்மாய்க் கரையைக் காக்க என்று எழுதலாம். அழகாக இருக்கும், கல்லில் நிற்கும், அவர் செத்த பிறகும் நிற்கும். குரல்வளை ஏறியது. உள்ளே அடைக்கலமேரி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

எழுந்து போய் ஜெபப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். சீட்டு மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது.

"மூக்கண்ணே. இதான் அன்னைக்கி வந்த காயிதம். முழுசாப் படிக்கிறேன், கேளுங்க."

படித்தார். மூன்று வாக்கியமும் படித்தார். நடுவில் இருந்த சொல்லை ஆங்கிலத்தில் சொல்லி, அதற்கு அர்த்தம் சொல்லி, அதை எங்கிருந்து கண்டுபிடித்தார் என்றும், எப்போது கண்டுபிடித்தார் என்றும் சொன்னார். கொட்டகையில் நின்றபோதே. கரையைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னாலேயே. "என் வீட்டுக்காரியத் தூக்கி மேட்டுல போட்டுட்டு வந்து சொல்லலாம்னு போனேன். நான் சொன்ன பாதியக் கேட்டுத்தான் காத்தாயி மண்ணு சொமந்துச்சு."

சவரியப்பன் அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்த ஒரு வார்த்தைக்கா இம்புட்டு?" என்றார் மூக்கன். "நான் காலையிலயே பாத்துட்டேன் சார். தண்ணியோட நெறம் மாறிருச்சு. கலுங்கு தொறக்காட்டி நிக்காதுன்னு தெரிஞ்சுச்சு. நாப்பது வருசமா அந்தத் தண்ணிக்குள்ள கெடக்குறவனுக்கு ஓவர்சியரு எழுதியா தெரியணும்? சொன்னா அம்பலம் கேக்க மாட்டாரு, எல்லாரும் சிரிப்பாங்கன்னு கஞ்சியக் குடிச்சுக்கிட்டு நின்னேன். ஆனா நீங்க ஒங்க பொஞ்சாதியத் தேடி ஓடுனீங்க. எனக்கு அவளக் கரையவிட்டு எறங்குன்னு சொல்லக்கூடத் தோணல."

"அண்ணே..."

"பேசாதீங்க சார். இப்பப் பேசாதீங்க." எழுந்தார். "பேரையும் வருசத்தையும் மட்டும் குடுங்க. அது போதும்."

அந்தக் கார்த்திகையில் மூக்கன் கறி கொண்டுவரவில்லை. அடுத்த கார்த்திகையிலும் இல்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போனார். செருப்புச் சத்தத்துக்குப் பயந்த சவரியப்பன், இப்போது அது கேட்காதா என்று காத்திருந்து பயந்தார்.

1964ஆம் வருஷம் மார்கழியில் ஒரு நாள், காற்று மறுபடி கடலிலிருந்து வீசியது. மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் தலையில் சாக்கோடு மூக்கன் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"புதுக் கலுங்குலயும் பலகை போட்டு வச்சிருக்கானுக. தண்ணி நெறம் மாறுது. நான் சொல்லிப் பாத்தேன், சிரிக்கிறானுக. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

"காயிதம் வந்துச்சா?"

"காயிதம் வாரதுக்குள்ள வாங்க."

சவரியப்பன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மழையில் இறங்கினார். இருவரும் கரை ஏறினார்கள். கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரல்வளை மேலே ஏறிற்று. கலிங்கு மூலையில் பதித்திருந்த கல்லில் காத்தாயியின் பெயர்மேல் மழை வழிந்துகொண்டிருந்தது. மூக்கன் அவருக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற தூரத்தில் வந்து நின்றார்.

"கலுங்கத் தொறங்க" என்றார் சவரியப்பன். காற்றில் அது எடுபடவில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னார்.